உரோமாபுரிக்கு நேர்ந்துகொண்ட முடி

எங்கள் மூன்றாவது பிள்ளை பிறந்த அன்றைக்குத்தான் சாமியார் என்னை உரோமாபுரிக்குக் கூப்பிட்டார். இரண்டும் ஒரே நாளில் நடக்காமல் இருந்திருந்தால், அந்தப் பிள்ளையின் தலை ஆறு வயது வரை அப்படிக் கிடந்திருக்காது.

நான் அப்போது திண்டிவனத்தில் கோயில் பங்களாவின் குசினியில் சமையல் வேலை பார்த்தேன். படிப்பு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை. கோயிலின் பங்குக் குருவான சாமியார் பிரெஞ்சுக்காரர். எங்கள் சாப்பாடு அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் அவர்கள் ஊர்ச் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. சீரகம் வறுத்துப் போட்டு நான் காய்ச்சும் நொய்க்கஞ்சி ஒன்றுதான் வயிற்றில் தங்கும். அன்று காலை பூசை முடிந்து வந்து கஞ்சியைக் குடித்தவர், கிண்ணத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"அடுத்த வருஷம் நான் ஊருக்குப் போகும் வழியில் உரோமாபுரியில் நாலு நாள் தங்குவேன். நீரும் வாரும். உம்முடைய கஞ்சி இல்லாமல் நான் கரை சேரமாட்டேன்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆண்டவரின் தலைமைச் சீடரான அர்ச்சியசிஷ்ட இராயப்பரின் கல்லறை இருக்கிற ஊர். திருச்சபைக்கெல்லாம் தலைவரான பாப்பானவர் இருக்கிற ஊர். வீட்டுக்கு ஓடினேன். உள்ளே என் மனைவிக்கு அப்போதுதான் பிள்ளை விழுந்திருந்தது. பிள்ளை அழவில்லை. மருத்துவச்சி அதன் காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் தட்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் வெளியே கேட்டது. வாசலில் நின்று என்ன சொல்வதென்று தெரியாமல், "சாமியார் என்னை ரோமாபுரிக்குக் கூட்டிக்கினு போறாராம்" என்று கதவைப் பார்த்துச் சொன்னேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "இராயப்பரே, இவன் மொத முடியை உன் கல்லறையிலதான் எறக்குவேன். அதுவரைக்கும் கத்தி படாது."

பிள்ளை அழுதது.

இதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் எங்களுக்கு. இரண்டும் விழுப்புரத்தில் அவள் தாய்வீட்டில் பிறந்தவை. ஒன்றின் முடியைக் கடற்கரை மாதா கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். மற்றதை அந்தோணியார் கோயிலுக்கு. முடி இறக்குகிற நாள் வருவதற்குள் இரண்டையும் விழுப்புரம் கல்லறையில் வைத்தோம். அதற்குப் பிறகு அவள் தாய்வீட்டுப் பக்கமே போகவில்லை. மூன்றாவது பிள்ளையைத் திண்டிவனத்திலேயே பெற்றாள்.

"எதுக்கும்மே அம்மாந் தூரத்துக்கு நேர்ந்துக்கினே?" என்று பிறகு கேட்டேன்.

"கிட்ட இருக்கிற கோயிலுக்கு நேர்ந்துக்கினேன். கிட்டவே பூட்டாங்க. இவனுக்கு வழி நீளமா இருக்கட்டும். பாதி வழியில நேர்ச்சைப் புள்ளையை எடுத்துக்க மாட்டாரு ஆண்டவரு."

எனக்கு அது சரியென்றும் பட்டது, பயமாகவும் இருந்தது. சாமியாரிடம் போய்ச் சொன்னேன். ஒரு ஆளுக்குப் பதில் மூன்று பேர் என்றதும் யோசித்தார். பிறகு, "கர்த்தர் வழிவிடட்டும்" என்றார்.

அந்த ஒரு வருஷம்தான் எங்கள் வாழ்க்கையில் சந்தோஷமாகத் திட்டம் போட்ட வருஷம். சாமியாரிடம் உரோமாபுரிப் படங்கள் கொண்ட பெரிய புத்தகம் ஒன்று உண்டு. கஞ்சி ஆறும் நேரத்தில் எனக்கு ஒவ்வொரு படமாகக் காட்டுவார். நான் வீட்டுக்கு வந்து, குழம்பு கொதிக்கிற அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அவளுக்குச் சொல்வேன். முதல் நாள் இராயப்பர் கோயில். அங்கே அவருடைய சிலை ஒன்று, வருகிறவர்கள் முத்தமிட்டு முத்தி செய்தே கால்விரல் தேய்ந்துபோனது. இரண்டாம் நாள், ஆண்டவர் ஏறியதென்று எருசலேமிலிருந்து கொண்டுவந்து வைத்த படிகள். அதில் முழங்காலால்தான் ஏற வேண்டும். மூன்றாம் நாள், பூமிக்கு அடியில் இருக்கும் சுரங்கக் கல்லறைகள். நாலாம் நாள், கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போட்ட வட்டக்கோட்டை.

"சுரங்கத்துல சின்னப் புள்ளைங்க கல்லறையும் கீதாமா?" என்று கேட்டாள்.

சாமியாரைக் கேட்டு வந்து, "கீதாம். நெறைய" என்றேன்.

அவள் விறகை உள்ளே தள்ளிவிட்டு வேறு பேச்சு எடுத்தாள். "அங்க நாவிதருங்க எந்தப் பக்கம் குந்தியிருப்பாங்க? கெணத்தாண்டயா, கொடிமரத்தாண்டயா?"

அதையும் போய்க் கேட்டேன். சாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். "அங்கே யாரும் கோயிலில் முடி இறக்குவதில்லை, ஐயா!"

அவளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "இவ்ளோ பெரிய கோயிலு, ஒரு நாவிதர் இல்லியா? அப்ப கத்தியை நாமளே எடுத்துக்கினு போவணும்" என்றாள். எங்கள் தெரு நாவிதரிடம் பழைய கத்தி ஒன்றும் கேட்டு வாங்கிவைத்தாள். "கத்தியோட என்னையும் கப்பல்ல ஏத்திக்கினு போம்மா, பாப்பானவருக்கே சவரம் பண்ணிட்டு வர்றேன்" என்றார் அவர். கேப்பை மாவு, புளி, வறுத்த மல்லாட்டைக் கடலை என்று வழிச்சாப்பாட்டுக்கு ஒரு தகர டப்பாவும் தயாராக இருந்தது. விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஏறித் தனுஷ்கோடி, அங்கிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து கப்பல். இந்த வழியை அவள் செபம் மாதிரி மனப்பாடம் செய்திருந்தாள்.

யுத்தம் வந்தது. கப்பல் எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை என்றார்கள். அடுத்த வருஷம் இத்தாலியும் யுத்தத்தில் இறங்கிவிட்டது என்று சாமியார் செய்திக் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். அன்று அவர் கஞ்சி குடிக்கவில்லை.

அதோடு நாங்கள் மாட்டிக்கொண்டோம். போக முடியாது, முடியையும் எடுக்க முடியாது. பிள்ளையின் தலைமுடி தோளுக்கு வந்தது, முதுகுக்கு வந்தது. எண்ணெய் வைத்து வாருவாள்; விளையாடிவிட்டு வந்தால் மறுபடியும் சடையாகிவிடும். வெயில் காலத்தில் வேர்க்குரு, மழைக்காலத்தில் பேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "பொட்டச்சி" என்றார்கள். அழுதுகொண்டே வந்து, "எம்மா, எனுக்கு மட்டும் ஏன் இது?" என்பான். அவள் அவனைப் பிடித்து உட்காரவைத்துப் பின்னலைப் போடுவாள். தெருவில் என்னைக் கண்டால், "சமையக்காரரே, கப்பல் மயிலத்தாண்ட வந்துடுச்சாமே?" என்று கடலே இல்லாத பக்கத்து ஊரைச் சொல்லிக் கேலி செய்வார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

பக்கத்து வீட்டம்மா அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் போகிறவர். நல்ல மனசுக்காரி. "எங்க அங்காளம்மாகிட்ட வாயேன்டி. கப்பலும் வேணாம், ஒண்ணும் வேணாம். வண்டி கட்டினா ஜல்தியா போய் வந்துடலாம்" என்று கூப்பிட்டார்.

"எந்தச் சாமிகிட்ட சொன்னனோ அந்தச் சாமிகிட்டதான் தீக்கணும்க்கா."

"அதுவும் சரிதான்" என்று அந்தம்மா ஒப்புக்கொண்டார். அதில் இரண்டு பேருக்கும் ஒரே மதம்.

சாமியாரே ஒருநாள் வீட்டுக்கு வந்தார். "மகளே, இந்த நேர்ச்சையை வேறொன்றாக மாற்றிக்கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டு. நம்முடைய கோயிலிலேயே முடியை இறக்கிவிடு."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "அதிகாரம் உங்களாண்ட கீது சாமி. புள்ள என்னாண்டதான் கீறான்."

அவர் திரும்பிப் போனதும் எனக்குக் கோபம் வந்தது. "சாமியார் வார்த்தையையே தட்டிப்புட்டியே!" என்று கத்தினேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "முடி இருக்கிற வரைக்கும் வழி முடியல. வழி முடியற வரைக்கும் புள்ள இருப்பான். நீங்க வேற பேஜாரு பண்ணாதீங்க."

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கப்பல் வரவில்லையே என்று நான் புழுங்கினேன். கப்பல் வந்துவிட்டால் என்ன செய்வதென்று அவள் பயந்துகொண்டிருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் இரண்டு விதமாகப் பூட்டிக்கிடந்தோம்.

அவனுக்கு ஆறு வயது முடியும்போது, தபசுகாலத்து நோன்பு நாளில், பின்னந்தலையில் முடிக்கு அடியில் கட்டி எழும்பிப் புண்ணாகிப் பரவியது. ஜுரம் வந்தது. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "முடியை எடுங்க. மருந்து உள்ள போவாது. இப்படியே விட்டா சீழ் உள்ளாற எறங்கிடும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

பிள்ளையைக் காப்பாற்றத்தான் அந்த முடி. இப்போது அந்த முடியே பிள்ளையைத் தின்கிறது. எடுத்தாலும் போவான், விட்டாலும் போவான் என்று அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உலை வைக்கவில்லை. நான் பயணத்துக்கென்று வாங்கிவைத்திருந்த அந்தக் கத்தியை எடுத்து இரண்டு தரம் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துவிட்டேன். அவளுக்குத் தெரியாமல் செய்ய என்னால் முடிந்திருக்கும். அப்புறம் பிள்ளைக்கு ஒன்று ஆகியிருந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போனோம். பிள்ளை என் தோளில் அனலாகக் கிடந்தான். சாமியாரின் பின்னால், ஆண்டவர் சிலுவை சுமந்த வழியைக் காட்டும் ஒவ்வொரு ஸ்தலப் படத்துக்கும் முன்னால் முழங்காலிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தோம். ஆண்டவரின் ஆடையைக் களைகிற ஸ்தலத்தில் எல்லோரும் எழுந்தார்கள், அவள் எழவில்லை. நான் தோளைத் தொட்டேன். அண்ணாந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செபம் முடியும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பிறகு நேராகச் சாமியாரிடம் போனாள்.

"சாமி, இதைச் செஞ்சா எருசலேமுக்கே போன மாதிரின்னு பிரசங்கத்துல சொன்னீங்களே?"

"ஆம். எருசலேமுக்குப் போக முடியாதவர்களுக்காக எருசலேமைக் கோயிலுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறது."

"அப்ப ரோமாபுரியையும் இங்க கொண்டாந்து வெச்சிக் குடுங்க."

சாமியார் அவளைப் பார்த்தார், என் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். இந்தத் தரம் சிரிக்கவில்லை. "எப்படி வைக்க வேண்டும், நீ சொல்" என்றார்.

அவளுக்குத்தான் திட்டம் முழுவதும் மனப்பாடமாயிற்றே. அப்போதே ஆரம்பித்துவிட்டாள். கோயிலின் ஓரத்தில் இருந்த இராயப்பர் சுரூபத்தின் காலை பிள்ளை முத்தி செய்தான். மறுநாள் விடிந்ததும் கோயில் வாசற்படிகளில் அவள் முழங்காலால் ஏறினாள். படிகள் போதவில்லையென்று இறங்கி மறுபடியும் ஏறினாள். சேலையில் இரத்தம் கசிந்தது. மூன்றாம் நாள் காலை விழுப்புரத்துக்கு ரயில் ஏறினோம். கத்தியோடு எங்கள் தெரு நாவிதரும் வந்தார். "நானும் ரோமாபுரிக்குத்தானே வர்றேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

விழுப்புரத்தில் இறங்கியதும் அவள் தாய்வீட்டுக்குப் போகவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். அத்தனை வருஷம் கழித்தும் யாரையும் வழி கேட்கவில்லை. இரண்டு சின்ன மேடுகள். நட்ட மரச்சிலுவைகளில் ஒன்று சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தி மண்ணை அழுத்தினாள்.

"இதான் சுரங்கம். இங்கயே எறக்குங்க" என்றாள்.

நாவிதர் தண்ணீர் தெளித்தார். சடை கத்திக்கு இலேசில் விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளை கத்தினான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் முந்தானையை விரித்து ஏந்தி, ஒரு மயிர் கீழே விழாமல் வாங்கினாள். கடைசியில் வெளுத்த சின்னத் தலையும் சிவந்த புண்ணும் வெளியே தெரிந்தன. காற்றுப் பட்டதும் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"நாளைக்கு நாலாம் நாளாச்சே" என்றேன்.

"சிங்கம் வேணாங்க. ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றாள்.

புண் ஆறியது. ஆனால் எங்களுக்கு ஆறவில்லை. அவன் இரவில் புரண்டு படுத்தால் அவள் எழுந்துவிடுவாள். இருமினால் நான் எழுந்துவிடுவேன். வழி முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. முடியை மஞ்சள் துணியில் முடிந்து, ஓட்டுக்கு அடியில் உத்தரத்தில் கட்டிவைத்தாள். அதற்குக் கீழே அவனைப் படுக்க விடவும் மாட்டாள், அதைக் கழற்றவும் மாட்டாள்.

யுத்தம் ஓய்ந்து கப்பல்கள் ஓடத் தொடங்கியபோது சாமியார் உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் புறப்பட்டார். இனி திரும்பி வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். கூட வரச்சொல்லி என்னை அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கஞ்சிக்கு நொய்யும் வறுத்த சீரகமும் ஒரு டப்பாவில் போட்டு, விழுப்புரம் ஜங்ஷன் வரை வழியனுப்ப மூன்று பேரும் போனோம். ரயில் புறப்படும் நேரத்தில் அவள் மடியிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

சாமியார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "எங்கே வைக்க வேண்டும், மகளே?"

"மொதல் நாள் இராயப்பர் கால்ல வெச்சி எடுங்க. ரெண்டாம் நாள் படியில வெச்சி எடுங்க. மூணாம் நாள், சுரங்கத்துல, சின்னப் புள்ளைங்க கல்லறையாண்ட விட்டுடுங்க."

ஞான உபதேசம் படிக்கிற பிள்ளையைப் போல அவர் அதை அப்படியே திருப்பிச் சொன்னார். இரண்டாம் நாளைச் சொல்லும்போது ஒரு வார்த்தை விட்டுப்போயிற்று. அவள் திருத்தினாள். மறுபடியும் சொன்னார். ரயில் நகர்ந்தது.

எஞ்சின் புகை பிளாட்பாரத்தை மூடியது. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை இருமினான். நானும் அவளும் ஒரே நேரத்தில் திரும்பி அவனைப் பார்த்தோம்.

"பொகைதான்" என்றாள் அவள். பிறகும் அவன் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டுத்தான் நடந்தாள்.