ஸ்பெயின்காரியின் பாட்டின் நடுவில் கத்தினேன்

தொண்ணூறுகளில் ஒனிஹங்கா என்ற வெளிநாட்டு ஊரில் ஒரு உணவகத்தில் தட்டுக் கழுவினேன். அங்கே பாடிய ஸ்பெயின்காரியை எனக்குப் பிடிக்காது. தன் ஊரில் இசைத்தட்டு வெளியிட்டவளாம். தானே எழுதிய பாட்டுகளைக் காலால் தரையை உதைத்தபடி பாடுவாள். தட்டுச் சத்தம் கேட்டால் என்னைத் திட்டுவாள். ஒருநாள், அன்றும் யாரும் பாட்டைக் கவனிக்காவிட்டால் வேலை போய்விடும் என்று முதலாளி அவளை எச்சரித்திருந்தார்.

பாட்டின் நடுவே, "காணும், நிப்பாட்டடி!" என்று தமிழில் கத்தினேன்.

"டேய், உனக்கு விசரோ?" என்றார் சமையற்கார அண்ணை.

அவளோ என்னை நோக்கி நெஞ்சில் கைவைத்துத் தலைவணங்கினாள். பிறகு உக்கிரமாகப் பாடினாள். சாப்பிட்டவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். அவளுடைய வேலை தப்பியது.

"பாட்டு நெஞ்சைத் தொட்டால் எங்கள் ஊரில் நடுவிலேயே கத்துவார்கள். இங்கே கத்தியது நீ ஒருவன்தான்," என்றாள் பிறகு.

உண்மையை நான் சொல்லவில்லை. அதன்பிறகும் அவள் தட்டுச் சத்தத்துக்குத் திட்டினாள். நான் பாட்டுக்குத் திட்டினேன். நான் கத்திய ஒவ்வொரு முறையும் அவள் வணங்கினாள். எப்போது கோபமில்லாமல் கத்தத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது.