ஊதா ரிப்பன் வாங்கிய சோளம்

ஹால்வோர் ஸ்கோக்மோ எங்கள் வட்டாரத்தின் விவசாயத் தலைவரானது சந்தேகத்தால்தான். அமெரிக்காவில் எங்கள் வடக்கு ஐயோவாவில் சிலர் பேசிப் பேசித் தலைவராகிறார்கள். சிலர் பக்கத்து நிலத்தை வாங்கி வாங்கித் தலைவராகிறார்கள். ஹால்வோர் சும்மா உட்கார்ந்தே தலைவரானார். பள்ளிக்கூடத்தில் உழவர் சங்கம் ஆரம்பித்தபோது, தான் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் என்ன தீர்மானம் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் ஒரு கூட்டம் விடாமல் வந்தார். வருகிறேன் என்று சொன்னவர்கள் எல்லாம் பன்றி குட்டி போட்டது, மனைவிக்குச் சளி என்று நின்றுவிட, தவறாமல் வருகிற ஒரே ஆள் இவர்தான் என்பது ஒருநாள் எங்களுக்கு உறைத்தது. தலைவராக்கினோம். எதற்காகத் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அன்றிலிருந்து அதையும் சேர்த்துச் சந்தேகப்பட ஆரம்பித்தார்.

அவருடைய சந்தேகத்தில் பாரபட்சம் கிடையாது. காற்றாலை விற்க வந்தவன், புதுப் பாதிரியார், மழை வரும் என்ற பஞ்சாங்கம், வராது என்ற பஞ்சாங்கம் எல்லாருக்கும் ஒரே மரியாதைதான். சர்ச் விருந்தில் இரண்டாம் தடவை மீன் வைத்தால், மிஞ்சிவிட்டதா, கெட்டுவிட்டதா என்று விசாரித்துவிட்டுத்தான் முள்கரண்டியை எடுப்பார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் 1917-ஆம் வருடம் லோரன் ட்விட்செல் வந்து சேர்ந்தார். விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு எங்கள் மாவட்டத்துக்கு ஆலோசகராக வந்த இளைஞர். அவர் பெயரைச் சொல்ல நாக்கு சுளுக்கியதால் நாங்கள் காலேஜ்காரர் என்றே கூப்பிட்டோம். பூட்ஸ் பளிச்சென்று இருந்தது. விவசாயம் கற்றுத்தர வந்தவரின் பூட்ஸ் அவ்வளவு சுத்தமாக இருந்தது முதல் தப்பு. கற்றுத்தருவதற்குக் காசு வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே சொன்னது இரண்டாவது தப்பு. ஹால்வோர் எழுந்தார்.

“தம்பி, உங்களுக்குச் சம்பளம் யாரு குடுக்கறா?”

“கொஞ்சம் அரசாங்கம், கொஞ்சம் கல்லூரி, கொஞ்சம் மாவட்டம் குடுக்குதுங்க.”

“மூணு பேரு கூட்டுச் சேர்ந்து ஒருத்தரை எங்கிட்ட அனுப்பறாங்கன்னா, மூணு பேருக்கும் எங்கிட்ட ஏதோ வேணும்.”

இதற்குக் கல்லூரியில் பதில் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. பெண்கள் காப்பி ஊற்றினார்கள். அதற்குப் பிறகு ஹால்வோர் வாரத்துக்கு ஒரு ஆராய்ச்சி முடிவை வெளியிட்டு வந்தார். ஒரு வாரம் காலேஜ்காரர் வரி போடுகிறவர்களின் ஒற்றர். மறுவாரம் விதைக் கம்பெனியின் ஆள். அதற்கடுத்த வாரம், யாருக்குமே வேலை செய்யாத ஆள். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்றார்.

உலகத்தில் ஹால்வோர் நம்பிய பொருள் ஒன்றே ஒன்று. அது ஒரு ஊதா ரிப்பன்.

எங்கள் ஊர்ப்பக்கம் குளிர்காலத்தில் சோளக் கண்காட்சி நடக்கும். ஆளுக்குப் பத்து மக்காச்சோளக் கதிர்களைக் கறுப்புத் துணியில் வரிசையாகப் படுக்கவைப்போம். விவசாயக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அளவு நாடாவோடு வருவார். மணி வரிசை நேராக ஓடுகிறதா, நுனிவரை மணி மூடியிருக்கிறதா, பத்தும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல இருக்கின்றனவா என்று பார்ப்பார். குதிரை வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பதைவிட உன்னிப்பாகப் பார்ப்பார். சில வருடங்களுக்கு முன் ஹால்வோரின் கதிர்கள் முதல் பரிசு வாங்கின. பரிசாகக் கொடுத்த ரிப்பன் முன்னறையில், ஆர்கன் வாத்தியப் பெட்டிக்கு மேலே தொங்கியது. அன்றுமுதல் அந்த வம்சத்துக் கதிரைத் தவிர வேறெதையும் அவர் விதைக்கு எடுத்துவைத்ததில்லை.

காலேஜ்காரர் வந்த வருடம் கதிரில் பால் வற்றுவதற்கு முன்பே பனி விழுந்துவிட்டது. பின்னால் வந்த குளிரில் கிணற்றுச் சங்கிலி கையோடு ஒட்டிக்கொண்டது. வசந்தம் நெருங்கியதும் காலேஜ்காரர் வீடு வீடாக அலைந்தார். எடுத்துவைத்த விதையில் உயிர் இருக்குமோ இருக்காதோ. ஒவ்வொரு கதிரிலும் ஆறு மணி எடுத்து ஈரத்துணியில் வரிசையாக வைத்து, துணிப் பொம்மைபோலச் சுருட்டி, கதகதப்பான இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். முளைக்காத கதிரைத் தூக்கிப் போடுங்கள் என்றார். துணியையும் அவரே இலவசமாகக் கொடுத்தார். மறுபடியும் இலவசம்!

சங்கக் கூட்டத்தில் தலைவர் தீர்ப்புச் சொன்னார். இருக்கிற விதையைக் குப்பையில் போடவைத்து, கம்பெனி விதையை நம் தலையில் கட்டுகிற சதி இது. பரிசு வாங்கிய சோளத்துக்கு யாரும் நாடி பிடித்துப் பார்க்க வேண்டியதில்லை. நாங்கள் தலையாட்டினோம். வேலை மிச்சம் என்றால் எந்தத் தீர்ப்புக்கும் தலையாட்டுவோம்.

ஆனால் சந்தேகத்துக்குத் தலைவர், தொண்டர் என்ற பேதம் கிடையாது. ஹால்வோரின் நிலம் நாற்பது ஏக்கர். விதை செத்திருந்தால் அது தெரியவருவதற்குள் ஜூன் பிறந்துவிடும். மறுபடி விதைத்து விளையவைக்க நாள் இருக்காது. பன்றிக்குத் தீனி இல்லை, அடுத்த குளிர்காலத்துக்கு வீட்டில் ஒன்றுமில்லை. எங்களிடம் சோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த ஹால்வோர், மாடியில் கட்டித் தொங்கவிட்டிருந்த கதிர்களில் மணி உதிர்த்து, காலேஜ்காரர் கொடுத்த துணியில் சுருட்டி, சமையலறை அடுப்புக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் ஆறில் ஒன்று முளைத்திருந்தது. அடுத்த கதிரில் அதுவும் இல்லை.

துணியில் காலேஜ்காரர் மருந்து தடவியிருக்கிறார் என்று முடிவு செய்தார். தன் வீட்டு மாவு மூட்டைத் துணியைக் கிழித்து மறுபடி சுருட்டினார். அதே கதை. கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டு, பனியை அள்ளி உருக்கினார். அதே கதை. அடுப்பின் சூடு விசாரணைக்கு வந்தது. கடைசியில் மனைவி குரீனே கொதிக்கும் கெட்டிலைத் துணிப்பக்கம் திருப்பிவைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. குரீனே ரொட்டி மாவு பிசைந்த கையைத் துடைக்காமலே திரும்பினார்.

“துணி, தண்ணி, அடுப்பு, இப்ப நானு. எல்லாரையும் சந்தேகப்பட்டாச்சு. அந்தச் சோளத்தை மட்டும் ஏன்யா விட்டுவெச்சிருக்க?”

“அது ரிப்பன் வாங்கின சோளம்.”

“ரிப்பன் யாரு குடுத்தா?”

ரிப்பன் கொடுத்தது கல்லூரி. இத்தனை வருடமாகத் தனக்கே தெரியாமல் தான் கல்லூரியை நம்பிவந்த உண்மை ஹால்வோருக்கு அந்த அடுப்படியில்தான் தெரியவந்தது. ஊரை ஏமாற்ற வந்தவர்களை வாசலிலேயே தடுத்துக் காவல் காத்தவர் வீட்டில், எதிரி முன்னறையில் மாலை மரியாதையோடு தொங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு கதிரைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு வண்டியைக் கட்டினார். நகரத்தில் காலேஜ்காரரின் மேஜைமேல் கதிரைப் போட்டார்.

“இதை அழகுன்னு சொன்னது உங்க காலேஜ்தானே?”

“ஆமாங்க.”

“உயிர் இருக்கான்னு பாத்தாங்களா?”

“இல்லீங்க. அளந்தாங்க.”

காலேஜ்காரரின் காது சிவந்தது. அழகான கதிர் பெருத்த கதிர், அது காய நாளாகும், ஈரத்தோடு பனியில் மாட்டினால் முளை உள்ளேயே செத்துப்போகும் என்று மெல்லச் சொன்னார். இதை முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று ஹால்வோர் பாய்ந்தார்.

“நானும் அந்த நாடாவைப் பிடிச்சுப் படிச்சவன்தாங்க. அழகுக்கும் விளைச்சலுக்கும் சம்பந்தம் இருக்கான்னு இந்தக் குளிர்லதான் எனக்கே சந்தேகம் வந்துச்சு.”

சந்தேகம் என்ற சொல் கேட்டதும் ஹால்வோர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த ஆளையும் ஒரு மனிதராக அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிழைத்த விதை எங்கே கிடைக்கும்? சீக்கிரம் முற்றிய கதிராகப் பாருங்கள், குட்டையானாலும் கோணலானாலும் பரவாயில்லை என்றார் காலேஜ்காரர். அப்படிப்பட்டவை ஸ்கோக்மோ வீட்டில் ஓர் இடத்தில்தான் இருந்தன: விதைக்கு லாயக்கில்லை என்று அவரே கழித்து, குரீனேயின் கோழிகளுக்குப் போட்ட குவியலில். வரிசை தப்பி, நுனி மொட்டையாக, சண்டையில் பல் போனவன் சிரிப்பதுபோல இருந்த கதிர்கள். அவற்றின் மணிகளையும் சுருட்டிவைத்து, துணியைப் பிரித்தபோது ஆறில் ஐந்து, சிலவற்றில் ஆறும் முளைவிட்டிருந்தன.

“அப்ப என் கோழிக்கு?” என்றார் குரீனே.

“ரிப்பன் சோளத்தைப் போடு.”

கோழிகள் எந்தச் சந்தேகமும் இல்லாமல் தின்றன.

அவர் சத்தமில்லாமல் விதைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஊரில் எல்லார் வயலும் மண்ணாகக் கிடக்கத் தன் வயல் மட்டும் பச்சையாக நின்றால், ஜனங்கள் தன்னைச் சந்தேகப்படுவார்களே! அது அவரால் தாங்க முடியாதது. அந்த வேலை அவருடையது. சங்கத்தைக் கூட்டினார். தன் விதை செத்ததையும், கோழித்தீனியை விதைக்கப்போவதையும் சுவர் மூலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். யாரோ சிரித்தார்கள். ஹால்வோர் மேஜையில் கையை ஊன்றினார்.

“சிரிங்க. உங்க விதையும் செத்திருக்கும். நீங்க சோதிச்சுப் பாக்கப் போறதில்ல, பாத்தேன்னு எங்கிட்ட பொய்தான் சொல்லுவீங்க. அதனால வீடு வீடா வருவேன். துணியை என் கண்ணு முன்னாடி பிரிக்கணும்.”

வந்தார். காலேஜ்காரர் பின்னால் துணிச்சுருள்களைச் சுமந்து வந்தார். பூட்ஸ் இப்போது சேறு. காலேஜ்காரர் ஒரு மாதம் கெஞ்சியும் அசையாத வீடுகள், ஹால்வோர் மிரட்டியதும் இரண்டே வாரத்தில் சோதித்து முடித்தன. நல்ல விதை வைத்திருந்தவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். கொடுத்தது நல்ல விதைதானா என்று அவர் அதையும் பிரித்துப் பார்த்தார். விவசாயக் கல்வி எங்கள் வட்டாரத்தில் பரவிய வரலாறு இதுதான்: கல்லூரி கற்றுக்கொடுத்தது, நாங்கள் ஹால்வோருக்குப் பயந்து கற்றுக்கொண்டோம்.

ஜூன் மாதம் பக்கத்து வட்டாரத்தில் பலர் வெறும் மண்ணை மறுபடி உழுதுகொண்டிருந்தார்கள். ஹால்வோரின் நாற்பது ஏக்கரும் சர்ச்சுக்குப் போகிற சாலையோரம் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. வேலியோரம் காரை நிறுத்திய காலேஜ்காரர், ஹால்வோர் வரப்பில் குந்தி ஒரு செடியைப் பிடுங்குவதைக் கண்டார். பக்கத்தில் ஏற்கெனவே பிடுங்கிய செடிகள் கிடந்தன.

“தினமும் இப்படிப் பிடுங்கினா அறுவடைக்கு என்னங்க மிஞ்சும்?”

ஹால்வோர் மண்ணைத் தட்டிவிட்டு, செடியைத் தலைகீழாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வேர் இருக்கு,” என்றார். “இன்னிக்கு.”