காலிப் போசி

அந்தப் போசிக்கு மூடி சரியாகப் பொருந்தாது. இரண்டு லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பாத்திரம். மூடியைச் சாய்த்து வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால்தான் அடங்கும். அப்படித் தட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: சிங்காநல்லூரில் என் அம்மா, அவிநாசியில் பெரியம்மா. மூன்றாவதாக நானும் பழகிக்கொண்டேன், வேறு வழியில்லாமல்.

எங்கள் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவன் நான். அதற்குக் கிடைத்த வேலை பெருந்துறையில். கம்பெனி வேன் அவிநாசியில் டீ குடிக்க நிற்கும் என்று தெரிந்த அன்றே, அக்கா தங்கையான அவர்கள் இருவரும் எனக்கு இன்னொரு வேலையும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். காலையில் அம்மாவின் கொள்ளுப் பருப்பு போசியில் போகும். மறுநாள் சாயங்காலம் பெரியம்மா இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகை அதே போசியில் வரும். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது. ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். போசி யாருடையது என்று கேட்டால் இருவருமே "அது அவளுது" என்பார்கள்.

ஒரு சீர் வீட்டுப் பந்தியில் பெரியம்மா நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டாள்: "என்ற தங்கச்சி பருப்புல உப்பத் தேடித்தான் புடிக்கோணும்." அன்றோடு அம்மா பேச்சை நிறுத்தினாள். போனையும் எடுப்பதில்லை. ஆனால் போசி நிற்கவில்லை. வைத்துக்கொண்டால் அடுத்தவள் பாத்திரத்தை அமுக்கியதாகிவிடுமே! மூன்று மாதம், ஒரு வார்த்தை பேசாமல், ஒருவருக்கொருவர் சமைத்துப் போட்டார்கள். அந்த நாட்களில் அம்மாவின் பருப்பில் உப்பு தூக்கலாகவே இருந்தது. படித்தவன் என்ற தைரியத்தில் நான் இரண்டு பக்கமும் சமாதானம் பேசிப் பார்த்தேன். இருவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்கள்.

அப்போதுதான் பெரியம்மா குளிக்கப் போன இடத்தில், பொடக்காணியில் வழுக்கி விழுந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. பெரியப்பா இல்லை, மகன் பெங்களூரில். ஒற்றை ஆளாக ஒற்றைக் கையோடு கிடந்தாள். அம்மாவிடம் சொல்கிறேன் என்றேன். "சொன்னீன்னா இந்த வாசப்படி மிதிக்காதே. பாவம் பார்த்து வர்றதுக்கா அவ? அவளா வரோணும்," என்றாள். போசியைக் காலியாகவே என்னிடம் கொடுத்தாள்.

காலிப் போசி போனால் இருக்கிற உறவும் அறுந்துபோகுமே என்று, பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் நான்கு தேங்காய் பன் வாங்கி உள்ளே வைத்தேன். அம்மா திறந்து பார்த்து, "இப்ப நமக்குப் பன்னுதானாமா," என்று மட்டும் சொன்னாள்.

மறுவாரம் அம்மாவின் பருப்போடு போனபோது பெரியம்மா கேட்டாள், போசியைப் பார்த்து அம்மா என்ன சொன்னாள் என்று. நான் பன் வாங்கி வைத்ததைப் பெருமையாகவே சொன்னேன். இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"கெடுத்துப்போட்டியே சாமி. காலியாப் போனா சண்டைக்காவது வருவாளேன்னுதான அனுப்புனேன்."

அன்று காலியாகவே கொண்டுபோனேன். அம்மா மூடியைத் திறந்தாள். கவிழ்த்துத் தட்டிக்கூடப் பார்த்தாள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினாள், பின்னாலேயே நானும்.

"காலிப் போசி அனுப்பற அளவுக்கு நான் என்ன பண்ணிப்போட்டேன்?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைந்தாள். மாவுக்கட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா அம்மணி?" என்றாள் பெரியம்மா.

அம்மா நேராகச் சமையலறைக்குப் போனாள். குவிந்து கிடந்த பாத்திரங்களைக் கழுவினாள். அடுப்பைப் பற்றவைத்தாள். பருப்புச் சோற்றைப் பிசைந்து தன் அக்காவுக்கு உருட்டி ஊட்டினாள். மூன்றாவது வாயில்தான் கேட்டாள்: "உப்புப் பத்துமா?"

"கொஞ்சம் கம்மிதான்," என்று பெரியம்மா அடுத்த உருண்டைக்கு வாயைத் திறந்தாள்.

இப்போது பெரியம்மா எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறாள். போசி பரண்மேல் வேலையில்லாமல் கிடந்தது. எனக்கும் அந்தப் போசி தூக்கும் வேலை போனதில் ஒரு வெறுமை இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை டிவி சத்தத்துக்காக இருவரும் காலையிலேயே முட்டிக்கொண்டார்கள். மத்தியானம் அம்மா போசியை இறக்கிக் கழுவி, பருப்பை ஊற்றி, மூடியைத் தட்டி என்னிடம் நீட்டினாள். சமையலறையிலிருந்து முன்னறைக்குப் பத்து அடி. கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியம்மா நிதானமாகச் சாப்பிட்டாள். போசியைக் கழுவித் துடைத்து, மூடியைச் சாய்த்து வைத்து ஒரு தட்டுத் தட்டி, காலியாகவே என்னிடம் கொடுத்தாள்.

அம்மா திறந்து பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னறைக்கு நடந்தாள்.