இடது பக்கத்து இருமல்

வலது கைச் சுட்டுவிரலைத் தூக்கிவிட்டார். இனி வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மேசையில் டீ ஆறிக்கொண்டிருக்கிறது. தலையில் பெரிய ஹெட்போன், கண்கள் மூடியிருக்கின்றன. அவருக்கு இடப்புறம் இருக்கும் அடுப்படியில் மனைவி குழாயைச் சிறிதாக்குகிறார். சார்ஜர் எங்கே என்று கேட்க வந்த மகள் கேள்வியை விழுங்கிக்கொண்டு கதவோரம் நிற்கிறாள். விரல் மெல்ல இறங்குகிறது. தோளும் கூடவே இறங்குகிறது.

"வந்துட்டான்" என்கிறார்.

வந்தது ஓர் இருமல். கெரசின் மூன் என்ற ராக் குழுவின் மூன்றாவது ஆல்பத்தில் நான்காவது பாட்டு. கிட்டார்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிட்டுச் சட்டென்று ஓய்கின்றன. டிரம்ஸ் மறுபடி வந்து இடிப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் மௌனம். அந்த மௌனத்தில், இடது காதுப் பக்கம், யாரோ ஒருவன் லேசாக இருமுகிறான். அந்த ஒலிப்பதிவில் அதை அழிக்காமல் விட்டுவிட்டார்கள். உலகத்திலேயே அழகான சத்தம் எது என்று கேட்டால் அவர் இதைத்தான் சொல்வார்.

"வேணும்னேதான் விட்டிருக்கானுங்க. அதுதான் ராக். தொடச்சு வச்ச பாட்டு வேணும்னா ஊர்ல எவ்வளவோ இருக்கே, அதைக் கேட்டுட்டுப் போ."

இருமியது டிரம்ஸ்காரரா, பேஸ் கிட்டார்காரரா என்று உலகெங்கும் இருக்கிற ரசிகர்கள் இணையத்தில் அடித்துக்கொள்கிறார்கள். இவர் பேஸ் கட்சி. எல்லாப் புகைப்படங்களிலும் அந்த ஆள் இடது ஓரத்தில்தான் நிற்கிறானாம். மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க மற்றவர்கள் இருமுவதைக் கேட்டுத்தான் அவருக்குச் சம்பளம். ஒரு நாள் இவர் வற்புறுத்தி ஹெட்போனை மனைவியின் தலையில் மாட்டிவிட்டார். அந்த அம்மாள் கேட்டுவிட்டுக் கழற்றி வைத்தார். "இது சளி இல்லீங்க. சிகரெட்டு. சிரப் குடுத்தாலும் நிக்காது." ஆல்பத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே விமர்சனம் இதுதான். மனிதர் அதையே ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அவருடைய தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. ஹெவி மெட்டல் என்ற ராக் வகையை வைத்துக் கம்பெனியில் அவருக்குப் பெயர் 'மெட்டல்'. புதிதாகச் சேர்கிறவர்கள் முன்பு ஏதோ தகரப் பட்டறையில் இருந்தவர் போல என்று நினைத்துக்கொள்வார்கள். நினைப்பதில் தப்பில்லை. இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் பேனா, படிய வாரிய கொஞ்சம் முடி. "நீங்களா சார் ராக் கேப்பீங்க?" என்று யாராவது வியந்தால் கோபம் வந்துவிடும். "ஏன், முடி நீளமா இருந்தாத்தான் காது கேக்குமா?"

மற்றபடி சாது. ஆனால் பேச்சு பாட்டுப் பக்கம் திரும்பினால் ஆளே மாறிவிடுவார். 'ஸ்லோ ஹேமர்ஸ்' குழுவின் முதல் இரண்டு ஆல்பங்கள் தங்கம். அதற்கப்புறம் பாடகர் மாறிவிட்டார். "புதுசா வந்தவன் பல்செட் கழண்டுடுமோங்கிற பயத்துலயே பாடறான்." 'விண்டர் டாக்ஸ்' மேடையில் வாசித்த ஆல்பத்தைக் கேட்காதவர்கள் மேல் அவருக்கு உண்மையான இரக்கம் உண்டு. "கூட்டம் கத்துதே, அதுலயே சுருதி இருக்கும், தெரியுமா?" ஒரு முறை அலுவலகக் கட்டடம் ஒன்றில், விண்டர் டாக்ஸ் படம் போட்ட பனியனோடு ஓர் இளைஞன் லிஃப்டில் ஏறினான். இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்த ஆல்பம் பிடிக்கும் என்று ஆசையாகக் கேட்டார். பையன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான். "இது நாய்ப் படம்னு நினைச்சேன் அங்கிள்" என்றான். அன்று மத்தியானம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் இந்தக் குழுக்களுக்கு வேறு பெயர்கள். "இன்னிக்கு மண்ணெண்ணெயா, சுத்தியலா, நாயா?" என்று மனைவி கேட்பார். மண்ணெண்ணெய் என்றால் மனிதர் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று பொருள். சுத்தியல் என்றால் மேலதிகாரியோடு ஏதோ உரசல்.

காது அவருக்குப் பாட்டுக்கு மட்டுமல்ல, சோற்றுக்கும்தான். லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் உட்கார்ந்து அதை மெதுவாக ஓட்டியபடி போவார். கம்பியைப் பார்ப்பது, விளக்கடித்துப் பார்ப்பது எல்லாம் உண்டு. ஆனாலும் அவர் முதலில் நம்புவது சத்தத்தைத்தான். ஒவ்வொரு மாடியிலும் கதவுப் பூட்டு விழும்போது சின்னதாக ஒரு 'டிக்' கேட்க வேண்டும். கேட்காவிட்டால், பெட்டி வராமலே கதவு திறந்துகொள்ளும் நாள் ஒன்று வரலாம். திறந்த கதவுக்குள் யாராவது செல்போனைப் பார்த்துக்கொண்டே காலெடுத்து வைக்கலாம். இதை அவர் யாரிடமும் விவரித்துச் சொன்னதில்லை. அந்த 'டிக்'குக்காகக் காத்திருக்கும்போது அவருடைய முகம் இருமலுக்குக் காத்திருக்கும்போது இருப்பதைப் போலவேதான் இருக்கும்.

ஒரு நாள் காலை விரல் தூக்கியது தூக்கியபடி நின்றது. மௌனம் வந்தது. டிரம்ஸ் வந்தது. நடுவில் யாரும் இருமவில்லை.

பாட்டை நகர்த்தி மறுபடி கேட்டார். ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். சத்தத்தைக் கூட்டினார், டிரம்ஸ் வந்து மண்டையைப் பிளந்ததுதான் மிச்சம். மனைவி எட்டிப் பார்த்தார். இவர், "வந்துட்டான்" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

அவருடைய அப்பா ஒரு மில்லில் வேலை பார்த்துக் காதைத் தொலைத்தவர். முதலில் போனது சின்னச் சின்னச் சத்தங்கள்தான். யாருக்கும் தெரியவில்லை, அவரும் சொல்லவில்லை. நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். எல்லோரும் சிரித்து முடிக்கும் நேரத்தில் அவர் சிரிக்கத் தொடங்குவார். அந்தப் பிந்திய சிரிப்பைச் சிறு வயதில் பார்த்தவருக்கு, இருமல் கேட்காத அன்று அதுதான் நினைவுக்கு வந்தது.

போதாக்குறைக்கு மனைவியின் அண்ணன். வரும்போதெல்லாம், "மாப்ள, இந்தக் கருமத்தைக் காதுல மாட்டிக்கிட்டே இருங்க. ஒரு நாள் டப்புனு போயிடும், பாருங்க" என்பார். இவர் சிரித்து மழுப்புவார். இப்போது அந்தக் குரல் ஹெட்போன் இல்லாமலே கேட்டது. போயும் போயும், கெரசின் மூனாலேயே காது போவதா? வாழ்நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு அழுதது தன் கழுத்தையே பிடித்துவிட்டதா? அதை நினைக்கும்போது பயத்தோடு கொஞ்சம் வெட்கமும் சேர்ந்துகொண்டது.

அன்றிலிருந்து கண்டதையும் காதோரம் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். கைக்கடிகாரம், தீப்பெட்டி, தேய்த்துப் பார்த்த விரல்கள். ஃபிரிட்ஜ் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருப்பார். எல்லாம் கேட்டது. கேட்கக் கேட்கச் சந்தேகம் வளர்ந்தது. இன்னும் மெல்லிசாக ஏதோ ஒன்று கேட்காமல் இருக்கிறதே, அது என்ன என்று காதில் விழாத சத்தத்தைத் தேடினார். கேட்காததை எங்கே போய்த் தேடுவது?

வேலையிலும் அதே கதை. ஒரு முறை பார்த்த லிஃப்டை மறுபடி பார்த்தார். ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஓட்டத்தை நிறுத்தினார். கூட வேலை பார்ப்பவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, விழுந்துச்சுண்ணே, எனக்கே கேட்டுச்சு" என்றார். "உனக்குக் கேட்டுச்சு, சரி" என்று சொல்லிவிட்டு இவர் மூன்றாவது முறையாகக் கீழிருந்து தொடங்கினார். மேல் மாடிக்காரர்கள் படியேறி மூச்சு வாங்க வந்து திட்டினார்கள். திட்டு நன்றாகவே கேட்டது.

காது டாக்டரிடம் போகலாம். ஆனால் போனால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவாரே. அதனால் ஒரு மாலை, சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி, யாருக்கோ என்பது போல மனைவியிடம் கேட்டார்.

"காதுக்கு நல்ல சொட்டு மருந்து எதும் இருக்கா? வேலை செய்யற இடத்துல ஒருத்தர் விசாரிச்சார்."

மருந்துக் கடையில் வருடக்கணக்காக நிற்கிறவரிடம் போய் இப்படி ஒரு பொய். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் நண்பருக்கென்று சொல்லித்தான் எல்லா மருந்தையும் வாங்குகிறார்கள். அந்த அம்மாள் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "வலியா, அடைப்பா, சீழா?" என்று மட்டும் கேட்டார். "அதெல்லாம் இல்ல. சும்மா." "சும்மாவுக்கு மருந்து கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம் போல விரல் எழுந்தது, இறங்கியது. "வந்துட்டான்" என்றார். மனைவி எதிரே வந்து உட்கார்ந்து, ஹெட்போனை அவர் தலையிலிருந்து தானே கழற்றினார்.

"வரலை."

"என்னது?"

"வந்தா தோள் இறங்கும். கொஞ்ச நாளா விரல்தான் இறங்குது, தோள் இறங்கல. என்ன ஆச்சு, சொல்லுங்க."

மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து நீவினார். பிறகு சொன்னார். "இடது காது போச்சு. சின்னச் சத்தம் எதுவும் விழல. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அந்த அம்மாள் பதறவில்லை. மகளைக் கூப்பிட்டு, "நீ கேளு" என்று ஹெட்போனை நீட்டினார். மகள் மண்ணெண்ணெய்க் கட்சி இல்லை. அப்பாவுக்காக முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள். நான்காவது பாட்டு ஓடி முடிந்தது.

"எங்கேப்பா இருமல்? ஒண்ணும் வரலையே."

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "உனக்குமா?"

ஒரு கணம் மூன்று தலைமுறையும் வரிசையாகச் செவிடாகி நிற்பது கண்ணில் தெரிந்தது. மகள் அதற்குள் பாட்டு ஓடிய அவருடைய போனை வாங்கித் துழாவிக்கொண்டிருந்தாள். ஆல்பத்தின் படத்தை விரலால் பெரிதாக்கி, கீழே இருந்த பொடி எழுத்தைக் காட்டினாள்.

"அப்பா, இது ரீமாஸ்டர். பாட்டு ஆப்புல இருந்த பழைய பதிவை எடுத்துட்டு, அதையே புதுசா சுத்தம் பண்ணிப் போட்டிருக்காங்க. கரகரப்பு, இரைச்சல் எல்லாம் நீக்கியாச்சுன்னு எழுதியிருக்கு, பாரு. உன் இருமலையும் தொடச்சுட்டாங்க."

"என்னைக் கேக்காமயா?" என்றார். உண்மையாகவே கேட்டார். பிழைத்தோம் என்ற எண்ணம் வருவதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது.

பரணில் கிடந்த பெட்டி இறங்கியது. பழைய சிடி கிடைத்தது. அதை ஓட்ட வீட்டில் இருந்த ஒரே கருவி, துணி போட்டு மூடிய டிவிடி பிளேயர். மகள் அதை டிவியோடு இணைத்தாள். கிட்டார்கள் கடித்துக் குதறி ஓய்ந்தன. விரல் எழுந்தது. டிவியின் ஓட்டை ஸ்பீக்கரில் அந்த மனிதன் இருமினான்.

"இதுக்கா இவ்வளவு பாடு?" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அதே சிகரெட்டு" என்றார் மனைவி. அவரும் சிரித்தார், எல்லோரோடும் சேர்ந்து, சரியான நேரத்தில். மகள் தன் அறைக்குப் போனாள். மனைவி விட்ட பாத்திரத்தைக் கழுவப் போனார்.

அவர் மட்டும் ரிமோட்டும் கையுமாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒன்று உறுத்தியது. இருமல் வருவதற்கு முன்னாலேயே அல்லவா விரல் எழுந்தது? அந்தப் பாட்டு அவருக்கு எலும்பு வரை மனப்பாடம். கேட்டது காதுக்கா, நினைப்புக்கா? பாட்டைத் திரும்பத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டு, சத்தத்தை முழுக்க அமுக்கினார். ஓசையே இல்லாத டிவியின் முன்னால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு பாட்டோடு போனார். மௌனம் வரவேண்டிய இடம் வந்தது. அந்த இருமல் அச்சு அசலாக, இடது பக்கம், கேட்டது.

ரிமோட்டை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தோள் மறுபடி மேலேறி நின்றது. இத்தனை நாள் காலையில் எதைக் கேட்டோம் என்று யோசிக்கத் தொடங்கினால் அதற்கு முடிவு எங்கே?

இடப்புறத்து அடுப்படியில் பாத்திரத்தின் ஓசை நின்றது. மனைவி அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓசையில்லாத டிவியையும், அதன் முன்னால் ஆடி நின்ற தலையையும். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குழாயைச் சிறிதாக்கினார். பிறகு, சேலைத் தலைப்பை வாயில் வைத்து, மிக மெல்ல ஒரு முறை இருமினார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடியபடியே இருந்தார். வலது கைச் சுட்டுவிரல் தானாக எழுந்தது, இந்த முறை இருமலுக்குப் பிறகு.