தொமேஜி வெட்டிய வரிசை

கடலோர ரயில் நிலையத்திலிருந்து மலைப் பக்கம் ஏறும் சாலையில், ஆப்பிள் தோட்டங்களுக்கெல்லாம் கடைசியில் இருப்பது தொமேஜியின் தோட்டம். அதன் வடமேற்கு ஓரத்தில் அடிமரக் கட்டைகள் ஒரு வரிசையாக நிற்கின்றன. வெள்ளைப் பட்டை இன்னும் முழுதாக உரியவில்லை. புதிதாக வரும் பழ வியாபாரிகள், "நோய் வந்து வெட்டினீங்களா?" என்று கேட்பார்கள். "ஆமா, நோய்தான்" என்பார் தொமேஜி.

அவர் மீனவர் வீட்டில் பிறந்தவர். ஹெர்ரிங் மீன் அந்தக் கடலை விட்டுப் போனபிறகு அவருடைய அப்பாவின் படகு கரையிலேயே கிடந்து உளுத்தது. தொமேஜி மலைச்சரிவில் இடம் வாங்கினார். கடல் காற்று நேராக அடிக்கிற சரிவு என்பதால் அதை யாரும் வாங்காமல் விட்டிருந்தார்கள். ஆப்பிள் கன்றுகளை நட்டார். மகள் கயோ பிறந்த வருடம் காற்றைத் தடுக்க வடமேற்கு ஓரத்தில் வெள்ளைப் பட்டை கொண்ட பிர்ச் மரங்களை வரிசையாக நட்டார். வேறு எந்த மரமும் அந்தக் குளிரில் அவ்வளவு சீக்கிரம் உயராது.

"ஊர்ல பிள்ளை பிறந்தா தொட்டில் செய்வாங்க. இவர் வேலி போடறார்" என்று மனைவி சுசுவே சிரித்தாள்.

"தொட்டில் ரெண்டு வருஷத்துல மூலைக்குப் போயிடும். இது அவ கல்யாணத்துக்கும் நிக்கும்."

ஒவ்வொரு செப்டம்பரிலும் தோட்டத்தின் முதல் பழத்தைத் தொமேஜி மரத்தடியிலேயே கத்தியால் இரண்டாகப் பிளப்பார். ஒரு பாதி அவருக்கு, மறுபாதி சுசுவேக்கு. கயோவுக்கு ஏழு வயதானபோது சுசுவே நோயில் இறந்துபோனாள். அதன்பிறகு அந்த மறுபாதியைப் புத்தர் மாடத்தில் அவள் படத்துக்கு முன்னால் சற்றுநேரம் வைத்துவிட்டு கயோவிடம் கொடுப்பார். அப்பாவும் மகளும் படியில் உட்கார்ந்து தின்பார்கள்.

கயோவின் பன்னிரண்டாவது வயதில் அது கெட்டது. பழத்தைக் கடித்த கொஞ்ச நேரத்தில் அவள் நாக்கின் அடியால் மேல் அண்ணத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். தொண்டைக்குள்ளிருந்து 'க்ளக், க்ளக்' என்று தவளை மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"என்ன சேட்டை அது?"

"அரிக்குதுப்பா. நாக்கு அரிக்குது. காதுக்குள்ளயும் அரிக்குது."

"பழம் தின்னா வாய் இனிக்கும். காது எதுக்கு அரிக்குது?"

அவளுக்கும் அது தெரியவில்லை. உதடு லேசாகத் தடித்திருந்தது. அடுத்த வருடம் செர்ரியும் பீச்சும் அதையே செய்தன. தொமேஜி மரத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தைத்தான் சந்தேகப்பட்டார். ஒரு மரத்துக்கு மட்டும் அந்த வருடம் மருந்தே அடிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் குராதா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

"என்னய்யா, புழுவுக்கெல்லாம் பந்தி போட்டிருக்க போல?"

"பொண்ணுக்குய்யா."

"பொண்ணு பேரைச் சொல்லி என் தோட்டத்துக்கும் புழு அனுப்பாதே."

அந்த மரத்தில் சொறி விழாமல் தேறியது ஒரு கைப்பிடிப் பழங்கள்தான். அதில் நல்லதாக ஒன்றைத் தேடிக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். கயோ ஒரு கடி கடித்தாள். க்ளக், க்ளக்.

அந்த மாதமே குராதாவின் வீட்டில் ஒரு விசேஷம். அவர் மனைவி ஆப்பிள் வைத்துச் சுட்ட கேக்கை கயோ இரண்டு துண்டு வாங்கித் தின்றதைத் தொமேஜி பார்த்தார். அரிக்கவில்லை, சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டதற்கு அவள் தட்டை நீட்டினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவரால் பொறுக்க முடியவில்லை. "ஊரான் வீட்டுப் பழம் இனிக்குது. அப்பன் கையால குடுத்தா மட்டும் அரிக்குதா?"

"அப்படியில்லப்பா. வெந்தா ஒண்ணும் செய்யல. எனக்கே ஏன்னு தெரியல."

"வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. எதுக்கு நடிக்கற?"

அதற்குப்பிறகு வந்த செப்டம்பர்களில் தொமேஜி மறுபாதியை அவளிடம் நீட்டவில்லை. படத்துக்கு முன்னாலேயே அது பழுப்பேறிச் சுருங்கிக் கிடந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் கயோ பள்ளிக்கூடம் போனாள்.

படிப்பு முடிந்ததும் அவள் தோக்கியோவில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே மார்ச் மாதத்தில் ஊரே முகமூடி போட்டுக்கொண்டு தும்மியது, சீடர் மரங்களின் மகரந்தத்தால். கயோவுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மே மாத விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் ரயிலை விட்டு இறங்கும்போதே கண் சிவந்து மூக்கு ஒழுகும். சின்ன வயதிலிருந்தே வசந்தகாலத்தில் அவளுக்கு அப்படித்தான், சளி பிடித்த உடம்பு என்று எல்லோரும் விட்டிருந்தார்கள். அச்சகத்தில் கூட வேலை செய்த பெண்தான் அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அன்று மாலையே கயோ தொமேஜிக்குப் போன் செய்தாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை அவர் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"அப்பா, நான் நடிக்கலப்பா! இதுக்குப் பேரு கூட இருக்காம். பிர்ச் மரத்து மகரந்தம் எனக்கு ஆகாதாம். அதுல இருக்கற ஏதோ ஒண்ணும் வேக வைக்காத ஆப்பிள்ல இருக்கற ஒண்ணும் ஒரே ஜாடையாம். உடம்புக்கு எது எதுன்னு தெரியாம குழம்பிப் போகுதாம். வேக வெச்சா அது அழிஞ்சிடுதாம். அதான் கேக் ஒண்ணும் செய்யல."

பழுப்பேறிய பாதிகள் வரிசையாகத் தொமேஜியின் கண்முன் வந்து நின்றன. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, வாய் வரவில்லை.

"பிர்ச்சுன்னா... நம்ம வேலியோரத்துல நிக்குதே, அதா?"

"அதேதான்ப்பா. என் ஜன்னலுக்கு நேரா நிக்குதே, அந்த மரம்தான்."

கயோ மரத்தின் வகையைச் சொன்னாள். தொமேஜி தன் மரங்களை நினைத்துக்கொண்டார். போனை வைத்தபிறகு இருவருக்குமே மனம் லேசாக இருந்தது.

பிப்ரவரியில் பனி இடுப்பளவு கிடக்கும்போது மரம் வெட்டுவது சுலபம். விழும் மரம் கீழே எதையும் உடைக்காது, சறுக்கி இழுத்துவரவும் முடியும். தொமேஜி தனியாளாக வெட்டினார். சத்தம் கேட்டு குராதா ஓடிவந்தார்.

"உனக்கென்ன பைத்தியமா? கடல் காத்துக்குக் கதவைத் திறந்து விடறியே!"

"மகளுக்கு இந்த மரம் ஆகல. மே மாசம் அவ வரணும்."

குராதா பின்னால் எழுந்து நின்ற மலையைக் கை காட்டினார். இலையுதிர்ந்த பிர்ச் காடு அடிவாரத்திலிருந்து உச்சிவரை வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. "அப்போ அதையும் வெட்டிடுவியா?"

"அது தூரத்துல இருக்கு. இது அவ ஜன்னல்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் ரம்பத்தை மறுபடி இயக்கினார்.

மே மாதம் கயோ வந்தாள். ஆப்பிள் பூக்கத் தொடங்கியிருந்தது. தொமேஜி அவளை வீட்டுக்குள்கூட விடாமல் நேராகத் தோட்டத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கு நினைவு தெரிந்ததிலிருந்து மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்த கடல் அங்கே பளிச்சென்று தெரிந்தது.

"எனக்காகவாப்பா?"

"விறகு தேவைப்பட்டுச்சு" என்றார். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

கயோவின் கண்கள் ரயில் நிலையத்திலேயே சிவந்திருந்தன. அவள் முகமூடியைச் சரிசெய்துகொண்டு அடிமரங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணெல்லாம் சிவந்திருக்கு?"

"ரயில்ல ஏசிப்பா. சளி பிடிச்சுடுச்சு."

அந்த விடுமுறை முழுக்க அவள் சளி என்றே சொன்னாள். ராத்திரி போர்வைக்குள் முகத்தைப் புதைத்துத் தும்மினாள். கிளம்புகிற அன்று, "அச்சகத்துல வேலையை விடறேன்னு சொல்லிட்டு வந்துடறேன்ப்பா. தோட்டத்தைச் சேர்ந்தே பாத்துக்கலாம்" என்றாள். தொமேஜி அவள் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். ரயில் வரும்வரை அதைத் தரவேயில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் புயல் வந்தது. ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு புயல் அந்தப் பக்கம் வந்து ஓய்வது வழக்கம்தான். இந்தத் தடவை காற்று கடலிலிருந்து தடையில்லாமல் சரிவில் ஏறியது. குராதாவின் தோட்டத்தில் ஓரத்து மரங்கள் மட்டும் பழத்தை உதிர்த்தன. தொமேஜியின் தோட்டத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தரையில் சிவப்பு. சில மரங்கள் வேரோடு சாய்ந்திருந்தன. குராதா வந்தார். பார்த்தார். ஒரு கிண்டலும் செய்யாமல் தன் கூடைகளை இறக்கிவைத்துவிட்டுப் பொறுக்க ஆரம்பித்தார்.

இரண்டு நாள் கழித்து கயோ பெரிய பெட்டியோடு வந்து சேர்ந்தாள். வேலையை விட்டிருந்தாள். வாசலில் பெட்டியை வைத்ததும் கையுறையை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். விழுந்த பழத்தைச் சாறு பிழிகிறவர்கள்தான் எடுத்துக்கொள்வார்கள். அடிபட்டதை ஒரு பக்கமும் அழுகியதை ஒரு பக்கமுமாகச் சாயங்காலம்வரை பிரித்தார்கள்.

வீட்டுச் சுவரை ஒட்டிய மரத்தில் கொஞ்சம் பழம் தப்பியிருந்தது. தொமேஜி நன்றாகச் சிவந்த ஒன்றைப் பறித்தார். சட்டையில் துடைத்துப் பிளந்தார். ஒரு பாதியை உள்ளே கொண்டுபோய்ச் சுசுவேயின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எடுத்துவந்து, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு மகளிடம் நீட்டினார்.

"இந்த வருஷத்து முதல் பழம். மரத்தைத்தான் வெட்டியாச்சே. தின்னு பாரு."

கயோ அந்தப் பாதியைக் கையில் வாங்கினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கடித்தாள். மென்றாள், விழுங்கினாள். மறுபடி கடித்தாள்.

"நாக்கு?"

"ஒண்ணும் செய்யலப்பா. நல்லா இனிப்பா இருக்கு."

தொமேஜி தன் பாதியைக் கடிக்கப் போனார். அப்போது கேட்டது. வாயை மூடிக்கொண்டே, முடிந்தவரை அடக்கி, தொண்டைக்குள் மட்டும். க்ளக்.

அவர் திரும்பிப் பார்த்தார். கயோவின் கீழுதடு தடித்துக்கொண்டிருந்தது. ஒரு விரல் காதை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றுவிட்டது. அவள் மூன்றாவது கடிக்கு வாயைத் திறந்தாள்.

அவர் அவள் கையைப் பிடித்துப் பழத்தைப் பிடுங்கினார்.

"மே மாசம் வந்தது சளி இல்லையா?"

கயோ தலையைக் குனிந்துகொண்டாள். "மகரந்தம் மலையிலேர்ந்து வருதுப்பா. ஊர் முழுக்க வருது. நம்ம மரம் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"தெரிஞ்சும் ஏன் வேலையை விட்டுட்டு வந்த?"

"நீங்க வெட்டிட்டீங்களேப்பா."

இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தார்கள். வரிசை நின்ற இடத்தின் வழியாகக் கடல் காற்று வந்து அவள் தலைமுடியைக் கலைத்தது. தொமேஜி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாய் கொப்பளித்ததும் அரிப்பு மெல்லத் தணிந்தது. பிறகு உள்ளே போனார். பிளந்து அடுக்கியிருந்த பிர்ச் விறகை எடுத்து அடுப்பு மூட்டினார். அந்தப் பாதியைச் சீவி, கொஞ்சம் சர்க்கரை தூவி, தண்ணீர் ஊற்றிப் பாத்திரத்தை ஏற்றினார். அவருக்குச் சமையல் அவ்வளவு கைவராது. அடி பிடித்துவிட்டது. கயோ அதைச் சுரண்டிச் சுரண்டி முழுவதும் தின்றாள்.

"அந்தக் கேக் தின்ன அன்னிக்கு உன்னைத் திட்டினேன்" என்றார் அவர், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

"ம்."

"நீ நடிச்சதில்ல. இன்னிக்குத்தான் நடிச்ச."

கயோ அழுதாள். அவர் அவளைத் தடுக்கவில்லை. அழுகை ஓய்ந்ததும் சொன்னார்: "அச்சகத்துல மறுபடி கேட்டுப் பாரு. திரும்பிப் போ கயோ. வசந்தத்துல இங்க வராதே, நான் கூப்பிட்டாலும் வராதே. மலை முழுக்கப் பனி மூடினப்புறம் வா. பனி கரையற வரைக்கும் இரு."

விழுந்த பழமெல்லாம் பொறுக்கி முடியும்வரை இருந்துவிட்டு அவள் கிளம்பினாள். வரிசை இருந்த இடத்தில் தொமேஜி ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸின் கன்றுகளை நட்டிருக்கிறார். அவை முழங்கால் உயரம்கூட இல்லை. காற்றைத் தடுக்கிற அளவுக்கு அவை வளரும்போது தான் இருக்கமாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு செப்டம்பரிலும் முதல் பழத்தைப் பிளந்து தன் பாதியைத் தனியாகத் தின்கிறார். பனி விழுந்து கயோ வரும்போது அவளுக்கென்று எடுத்துவைத்த பழத்தை பிர்ச் விறகில் வேகவைக்கிறார். இப்போதெல்லாம் அடி பிடிப்பதில்லை. கொட்டகையில் இன்னும் சில பனிக்காலத்துக்கு விறகு இருக்கிறது.