ஓட்டத் தெரிந்தவள்

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். தெரியாதென்று என் கணவரிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு மனிதர் இன்று ஊன்றுகோலில் நடக்கிறார்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வது வீரத்தால் அல்ல. நீங்கள் என்னை அறியாதவர், அவ்வளவுதான். முகம் தெரியாதவரிடம் உண்மை பேச என்ன பெரிய துணிச்சல் வேண்டும்?

எங்கள் வீடு லாஸ்பேட்டையில். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. இருபது ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு வந்தவருக்கு ஓய்வூதியம், கடற்கரை நடை, பழைய சகாக்களோடு அரட்டை, அப்புறம் கார். கார் என்றால் அவர்தான் ஓட்ட வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே கிடையாது.

உரிமம் என்னிடமும் இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் நெல்லித்தோப்பு சிக்னலில் வண்டி என் கையில் நின்றுபோனது. பின்னால் மூன்று பஸ்கள். அப்பப்பா, அந்த ஹாரன் சத்தம்! பதற்றத்தில் கிளட்சை மிதிக்கவே முடியவில்லை. அவர் இறங்கிச் சுற்றி வந்து, எல்லோரும் பார்க்க என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"எறங்கு. உனக்கு இதெல்லாம் சரிப்படாது."

அதன்பிறகு வண்டியைத் தொட்டது வருஷத்துக்கு ஒருமுறை இருந்தால் அதிகம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது முன்னால் நகர்த்துவேன், பின்னால் நகர்த்துவேன்.

பிறகு ஏன் மீண்டும் ஓட்டத் தொடங்கினேன்? ரோஷம்... வேறென்ன! அவருடைய தங்கை கமலா முதலியார்பேட்டையில் இருக்கிறாள். விசேஷ வீடுகளில் நாலு பேர் கூடினால் போதும், அந்த சிக்னல் கதையை எடுத்துவிடுவாள். "எங்க அண்ணி ஸ்டியரிங்கப் புடிச்சா பாண்டிச்சேரியே நிக்கும்!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எட்டு ஆண்டுகள் சிரித்தேன்.

போன ஆண்டு ஒரு விடியற்காலை, அவர் நண்பரின் ஸ்கூட்டரில் கடற்கரைக்குப் போனதும், சாவியை எடுத்தேன். எட்டு மணிக்குத்தான் திரும்புவார். முதல் நாள் வண்டியை உயிர்ப்பித்து அணைத்தேன், அவ்வளவுதான். மறுநாள் தெருமுனை வரை. ஒரு வாரத்தில் விமான நிலையச் சாலை. மேட்டில் கிளட்சைப் பாதி மட்டும் விட்டு, வண்டியை நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். பின்னால் உருண்டது; மறுபடி, மறுபடி, மறுபடி... பத்தாவது தடவை உருளவில்லை.

மூன்றாம் வாரம் நெல்லித்தோப்பு சிக்னலையே கடந்தேன். பச்சை விழுந்ததும் வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஓவென்று கத்தினேன்! ஐம்பத்திரண்டு வயதில் எனக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்திருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் யாருக்கும் காப்பி வேண்டியதில்லை, யாருடைய மாத்திரையும் என் தலையில் இல்லை.

திரும்பியதும் எஞ்சின் சூடு தெரியாதிருக்க பானட்டை ஈரத்துணியால் துடைப்பேன். பெட்ரோல் போட்டு முள்ளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுவேன். அவர் வந்து பார்த்து மகிழ்ந்துபோவார். "தெனம் வண்டி தொடைக்கிறியே, என்னா அக்கறை!"

திருட்டுத்தனத்தில் நான் எவ்வளவு கெட்டிக்காரி, பாருங்கள்.

அந்தச் சமயத்தில்தான் கமலாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். முடிந்து வெளியே வரும்போது துவண்டு கிடப்பாள். ஆட்டோவின் குலுக்கல் அவளுக்கு ஆகாது. வாடகை ஓட்டுநரை நம்ப என் கணவர் தயாராக இல்லை. அவரே ஓட்டினார்.

அவருக்கோ இடக்கண் போய்க்கொண்டிருந்தது. கண்ணில் அழுத்தம் என்றார்கள். சாப்பாட்டு மேசையில் இடப்பக்கம் வைத்த தண்ணீர் டம்ளரைத் தினமும் தட்டிவிடுவார். ஒரு மாலை மருத்துவமனையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாரு. நான் இன்னா பண்றது? கமலாவ யாரு கூட்டினு போவா?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ ஓட்டுவியா?"

அவர் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அன்று காலைதான் நான் உழவர்கரை வரை போய் வந்திருந்தேன்!

"ஐயோ... என்னால முடியாதுங்க."

இதுதான் நான் செய்த குற்றம். ஒரே ஒரு வாக்கியம். சொல்லும்போது குரலை நடுங்க வைத்தேன். கையைக்கூட மார்பில் வைத்துக்கொண்டதாக நினைவு.

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆமாம் என்றால் கமலாவை என் தலையில் கட்டிவிடுவார்கள் என்பது ஒன்று. என்னைப் பார்த்துச் சிரித்தவளுக்கு நான் ஏன் ஓட்ட வேண்டும் என்பது இன்னொன்று. அந்த விடியற்காலை பறிபோய்விடுமே என்பது... இவற்றில் எதைச் சொன்னால் நீங்கள் என்னைக் கொஞ்சமாக வெறுப்பீர்கள்?

இன்னும் இருக்கிறது. முழுவதையும் கேளுங்கள். டாக்டர் சொன்னதை மீறி அவரே தொடர்ந்து ஓட்டினார்.

பிரான்சில் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்குத்தான் முதல் உரிமை. இடப்பக்கத்திலிருந்து வருகிறவன் நமக்காக நிற்க வேண்டும். அந்த ஊரில் நிற்பான். என் கணவர் இந்த ஊரிலும் அப்படியே ஓட்டினார். சந்திப்பு வந்தால் கழுத்து வலப்பக்கம் மட்டும்தான் திரும்பும். முன்பெல்லாம் இடக்கண்ணின் ஓரம் எப்படியோ அவரைக் காப்பாற்றி வந்தது. இப்போது அந்த ஓரமும் இருட்டு.

பக்கத்தில் உட்கார்ந்து நான் இதைப் பார்த்தேன். இரண்டு முறை "ஏங்க, லெஃப்ட்ல ஆளு!" என்று அலறினேன். இரண்டு முறையும் மயிரிழையில் தப்பியது. வீட்டுக்கு வந்து சாமி விளக்கை ஏற்றிக் கும்பிட்டேன். வாயை மட்டும் திறக்கவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தேன்... அடுத்த வாரம்... அடுத்த வாரம்!

ஒரு வியாழக்கிழமை நண்பகலில் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் கமலா அழுதாள். "அண்ணி, அண்ணன் ஒருத்தர இடிச்சிட்டாரு..."

முதலியார்பேட்டையில் ஒரு சின்னச் சந்திப்பு. அவர் வலப்பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. எடுத்தார். இடப்பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்தவர் ஏழுமலை. காலையெல்லாம் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு வெறும் கேன்களோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஆளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு கேன் மட்டும் சாலையோரம் நசுங்கிக் கிடந்தது. என் கணவர் காவலரிடம் "என் தப்புதான் சார், எனக்குத் தெரியல சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழுமலையின் வலத்தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். இனி சைக்கிள் மிதிக்க முடியாதாம். வழக்கு இன்னும் நடக்கிறது.

அன்று மாலை என் கணவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டே சொன்னார். "உன்ன ஒண்ணும் சொல்லலம்மா. பயப்படுறவள எப்புடி ஓட்டச் சொல்றது?"

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அடுத்த மாதம் அவரே எனக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். ஆமாம், கற்றுக்கொடுக்க! பின்கண்ணாடியில் சிவப்பு எல் எழுத்தை ஒட்டினார். நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? சொல்லவில்லை. வேண்டுமென்றே கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டியை உலுக்கி நிறுத்தினேன். அவர் பதறவில்லை. ராணுவத்தில் கற்ற சொல்லால் பொறுமையாகச் சொன்னார்: "தூஸ்மான்... தூஸ்மான்... மெதுவா விடும்மா." நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுவதுபோல் நடித்தேன். விபத்துக்குப் பின் முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது அந்தப் பாடங்களில்தான். நண்பர்களிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். "ஒரே மாசம்! நான் கத்துக்குடுத்தேன், புடிச்சிக்கினா!"

இப்போது கமலாவை நான்தான் அழைத்துப் போகிறேன். பின்னிருக்கையில் படுத்தபடி ஒருநாள் என் தோளைத் தொட்டாள். "எனக்காவத்தான கத்துக்கினீங்க அண்ணி? உங்களப் போயி எவ்ளோ கேலி பண்ணிருக்கேன்..." என்று விம்மினாள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில் ஏழுமலையையும் அழைத்துப் போகிறோம், காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு. ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய். என் கணவர் டோக்கன் வாங்க உள்ளே போனார். வண்டியில் நானும் ஏழுமலையும் மட்டும். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா ஓட்டுறீங்கம்மா," என்றார். "அப்பவே நல்லாத்தான் ஓட்டுனீங்க."

"எப்போ?" என்றேன்.

"நான் அடிபடறதுக்கு முன்ன. விடியக்காலையில பால் கேன் எடுத்துக்கினு ஏர்போர்ட் ரோட்டுல வருவேன். இதே வண்டி. நீங்க மேட்டுல நிறுத்தி நிறுத்தி எடுப்பீங்க. நின்னுகூடப் பாத்திருக்கேன்."

திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அவர் முகம் மட்டும் தெரிந்தது. அதில் கோபம் இருந்திருந்தால் பிழைத்துப்போயிருப்பேன்... இல்லை.

"ஐயாவுக்குத் தெரியாதுல்ல?" என்றார்.

தெரியாதென்று தலையசைத்தேன்.

"ஆஸ்பத்திரில ரெண்டு மாசம் என் காலப் புடிச்சிக்கினு அழுவாரும்மா அவரு. கண்ணு தெரியாதவன் ஓட்டிட்டேன், பாவின்னு. எனக்கு உங்க மேல என்னா கோவம்னு கேட்டா, அது ஒண்ணுதான்." மடியில் இருந்த ஊன்றுகோலைச் சரிசெய்துகொண்டார். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

அதற்குள் என் கணவர் டோக்கனோடு வந்துவிட்டார். கதவைத் திறந்து, "என்னா ஏழுமல, என் ஸ்டூடண்ட் எப்புடி?" என்று கேட்டார்.

ஏழுமலை ஊன்றுகோலை ஊன்றி இறங்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு ஆறு செவ்வாய்கள் போய்விட்டன. அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஏழுமலை குனிந்து முதலில் என் கணவரின் முகத்தைப் பார்க்கிறார். பிறகு என் முகத்தைப் பார்க்கிறார். இன்னும் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொள்கிறார்.

நேற்றும் அப்படித்தான் பார்த்தார். நான் முதல் கியரைப் போட்டேன். வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கிளம்பியது. "பாத்தியா, எப்புடி எடுக்குறா!" என்று என் கணவர் பெருமையோடு பின்னால் திரும்பிச் சொன்னார்.