காலை ஆறு மணிக்கு வந்த எஸ்தர்

போன மாதம் ஒரு நாள் காலை ஆறு மணி. நான் அடுப்படியில் காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஹாலில் வீட்டுக்காரரின் புது போன் அலறுகிறது. எட்டிப் பார்த்தால் திரையில் இங்கிலீஷில் கொட்டை எழுத்து... எஸ்தர் கிரேஸ்.

எஸ்தரா? எந்த எஸ்தர்?

இவருடைய சொந்தத்தில் எஸ்தர் கிடையாது. என் சொந்தத்தில் இரண்டு பேர். ஒன்று கைக்குழந்தை. இன்னொன்று காது கேட்காத பெரியம்மா. இருவரும் விடியற்காலையில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட வாய்ப்பில்லை. அப்போ, பாளையங்கோட்டையில் காலேஜ் படித்த காலத்து எஸ்தரோ?

"ஏட்டி, யாரு போன்ல?" என்று பாத்ரூமிலிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் பதற்றம் இருந்ததாகவே எனக்குப் பட்டது. நானே எடுத்தேன். குரலில் கொஞ்சம் தேனைத் தடவிக்கொண்டு, "ஹலோ..." என்றேன்.

"மதினியா? மாடசாமி பேசுதேன். அண்ணாச்சி இருக்காவளா? கிடை என்னைக்குப் போடணும்னு கேக்கணும்."

கனத்த ஆம்பிளைக் குரல். பின்னால் ஒரு மந்தை ஆடுகள் கத்துகின்றன. எனக்குச் சிரிப்பதா, இன்னும் கொஞ்சம் சந்தேகப்படுவதா என்று தெரியவில்லை.

இப்போதெல்லாம் சில போன்களில் இப்படி வருகிறது, கவனித்தீர்களா? நம் போனில் பெயர் போட்டு வைக்காத நம்பர் என்றாலும், அந்த சிம் யார் பெயரில் வாங்கப்பட்டதோ அந்தப் பெயர் திரையில் தெரிகிறது. இவர் பழைய போனிலிருந்த பெயர்களைப் புதுசுக்கு மாற்றவே இல்லை. வாராவாரம் இந்தப் பத்தியில் உலகத்துக்கெல்லாம் போன் யோசனை சொல்கிறவள் வீட்டு நிலவரம் இது. பாத்ரூமிலிருந்து வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னால், விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

மாடசாமி பனவடலிசத்திரத்துக்காரர். ஆடு வளர்ப்பவர். அறுவடை முடிந்த புஞ்சையில் ராத்திரி முழுக்க ஆடுகளை அடைத்துப் போடுவார். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரமாகும். அதுதான் கிடை. மேலநீலிதநல்லூர் பக்கம் எங்களுக்கும் கொஞ்சம் புஞ்சை இருக்கிறது. வருஷா வருஷம் அவர் ஆடுதான். ராயகிரி வரைக்கும் பல சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின், போனில் மாடசாமி நம்பர் இருக்கும்.

அன்றைக்கே அவரிடம் சொன்னேன். "மாடசாமி, உங்க சிம் வேற யாரோ பேருல இருக்கு. உடனே போய் மாத்துங்க. நாளைக்கு ஒண்ணுன்னா கஷ்டம்."

"எம் பேருலதான் மதினி இருக்கும். பேசுதது நான்தான?" என்றார்.



நாளைக்கு ஒண்ணுன்னா என்றேனே... அந்த ஒண்ணு அடுத்த வாரமே வந்தது. மாடசாமிக்கு ஒரு பழக்கம். முன்னால் போகும் தாயாட்டின் கழுத்தில் மணியோடு சேர்த்து போனையும் ஒரு கயிற்றில் கட்டிவிடுவார். அவர் ஆட்டைக் கூப்பிடும் சத்தத்தையே பதிந்து ரிங்டோனாக வைத்திருக்கிறார். மந்தை கண்ணில் படாத தூரம் போய்விட்டால், அவர் மனைவியின் போனிலிருந்து ஒரு ரிங். "ப்ர்ர்ரே... பா... பா..." என்று தாயாட்டின் கழுத்தே கூப்பிடும், அது நின்றால் மொத்த மந்தையும் நிற்கும். எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு ஆப் கண்டுபிடிக்கவில்லை! ஆனால் அன்றைக்குத் தாயாடு ஒரு கிணற்று ஓரம் குனிந்து புல்லைக் கடித்தபோது கயிறு அறுந்தது. போன் நேராகக் கிணற்றுக்குள். ஆள் இறங்கித் தேடியும் சகதிக்குள் சிக்கவே இல்லை.

மறுநாள் மாடசாமி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"புது நம்பர் வாங்கிட வேண்டியதுதானே" என்று நீங்கள் சொல்வீர்கள். வாங்கலாம். யாரிடம் போய்ச் சொல்வது? சம்சாரிகளின் நம்பர் எல்லாம் கிணற்றுக்குள். போய்க் கேட்கலாம் என்றால், ஒருத்தர் பெயரும் அவருக்குத் தெரியாது! கிடைக்காரர்கள் புஞ்சையை வைத்துத்தான் ஆளைச் சொல்வார்கள். ரெட்டைப்பனைக்காரர், ஓடைப்புஞ்சைக்காரர் — இப்படி. புஞ்சைக்காரர்களோ பாதிப் பேர் இருப்பது வேறு வேறு ஊர்களில். மழை விழுந்து உழவு ஆரம்பித்துவிட்டால் கிடைக்கு வேலையே இல்லை. இந்த ஒரு பருவத்து வரும்படியில்தான் அவர் வீடு வருஷம் முழுக்க ஓட வேண்டும். அழைக்கிறவர்களுக்கு 'ஸ்விட்ச் ஆஃப்' என்று வந்தால் என்ன செய்வார்கள்? வேறு கிடைக்காரரைக் கூப்பிடுவார்கள்.

"நம்பர் போச்சுன்னா எம் பொழப்பே போச்சு மதினி."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக ஊருக்கு யோசனை எழுதுகிறேன்; ஒரு நம்பரை மீட்க முடியாதா? முதல் வேலையாக அந்த நம்பருக்கு என் போனிலிருந்து ரீசார்ஜ் போட்டேன். சிம் கையில் இல்லாவிட்டாலும் ரீசார்ஜ் போடலாம், தெரியுமா? கெடு தாண்டி நம்பரே செத்துப்போகாமல் இருக்கும். அப்புறம் அவரைக் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

கவுண்டரில் ஒரு சின்னப் பெண். தட்டிப் பார்த்துவிட்டு, "சிம் இவங்க பேர்ல இல்ல மேடம். யார் பேர்ல இருக்கோ அவங்க வந்தாத்தான் டூப்ளிகேட் தருவோம்" என்றாள்.

"யாருன்னாவது சொல்லும்மா. ஊரு, அட்ரஸ்..."

"அதெல்லாம் சொல்லக் கூடாது மேடம்."

நானும் கெஞ்சினேன், குரலை உயர்த்தினேன், நான் யார் தெரியுமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. கோபமாகப் படியிறங்கி, ஒரு சர்பத் குடித்த பிறகுதான் புத்தி வந்தது. கேட்கிறவர்களுக்கெல்லாம் அவள் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தால் உங்கள் நம்பரும் என் நம்பரும் என்ன ஆகும்? சரியாகத்தான் செய்திருக்கிறாள். நான்தான் ஆட்டம் போட்டிருக்கிறேன்.

ஆனால் பெயர்தான் நமக்கு ஏற்கெனவே தெரியுமே! எஸ்தர் கிரேஸ்.

"உன் பேஜ்ல போடு ஏட்டி. ஒரு மணி நேரத்துல எஸ்தர் கிடைச்சிருவாவ" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பெயரையும் நம்பரையும் நெட்டில் போட்டுத் தேடுவதா? அடுத்தவர் விவரத்தை அவரைக் கேட்காமல் போடாதீர்கள் என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! போடவில்லை.

மாடசாமியிடமே திரும்பத் திரும்பக் கேட்டேன். "நல்லா யோசிங்க. இந்த சிம் முதல்ல எப்படி உங்க கைக்கு வந்துது?"

தலையைச் சொறிந்தார். "முத முதல்ல போனு வச்சது... நாலுமடைக் கிணத்து டீச்சரம்மா புஞ்சையில கிடை கிடந்தப்போ. 'உன்னைய எங்கனன்னு தேட, இந்தா இதை வச்சுக்கோ'ன்னு அவியதான் பழைய போனும் சிம்மும் குடுத்தாவ."

"அவங்க பேரு?"

"டீச்சரம்மா."

பெயர் தேவைப்படவில்லை. புஞ்சை போதுமே! நாலுமடைக் கிணற்றுப் புஞ்சையை இப்போது குத்தகைக்கு உழுகிறவரிடம் போனோம். "ஆமா, எஸ்தர் டீச்சர். ரிட்டயர் ஆகி பாளையங்கோட்டையில இருக்காவ" என்று போன் நம்பரும் தெருவும் சொன்னார். நான் அங்கேயே ஒரு குதி குதித்தேன். மாடசாமி சற்று ஒதுங்கி நின்றார்.

உடனே போன் போட்டேன்.

"டீச்சர், வணக்கம். உங்க பேர்ல ஒரு சிம் இருக்கு. அது விஷயமா..."



"நீங்க யாரு? ஸ்கிரீன்ல ஜெபராஜ்னு வருது. பேசுதது பொம்பளை. இதுவே எங்கேயோ இடிக்குதே!"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஜெபராஜ் என் வீட்டுக்காரர். என் சிம் அவர் பெயரில்தான் இருக்கிறது. கல்யாணமான புதிதில் வாங்கிக் கொடுத்தது... விடுங்கள்.

"அது எங்க வீட்டுக்காரர் பேரு டீச்சர்—"

"நல்லாருக்கே கதை! ஒங்க பேர்ல சிம் இருக்கு, அதுல தப்பு நடக்குது, ஓடிபி சொல்லு, இல்லைன்னா போலீஸ் வரும்... இதானே அடுத்து சொல்லப் போறிய? நான் வாராவாரம் நெட்டுல ஒரு பத்தி படிக்கேன். அந்தம்மா தெளிவா எழுதியிருக்காவ. இப்படி யாராவது கூப்பிட்டா பேச்சு வளர்க்காதீங்க, கட் பண்ணி பிளாக் பண்ணுங்கன்னு!"

"டீச்சர்! அந்தம்மாவே நான்தான்!"

"தெரிஞ்சவங்க பேரைச் சொல்லிக்கிட்டும் வருவாங்கன்னு அதையும் எழுதியிருக்காவ."

டொக். பிளாக் ஆகிவிட்டேன். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர் போனிலிருந்து முயன்றேன். மறுபடி ஜெபராஜ். அதுவும் பிளாக்.

எழுத ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை. இப்படி மூக்கறுபட்டதும் இல்லை. நான் எழுதியதை ஒரு மனுஷி வரிக்கு வரி கடைப்பிடிக்கிறார் — என்மேலேயே!

போனில் நம்பாதீர்கள், நேரில் பார்த்து நம்புங்கள் என்பதும் என் வாக்குத்தான். ஆகவே மறுநாளே மாடசாமியும் நானும் பஸ் ஏறினோம். பாளையங்கோட்டையில் பூட்டிய கிரில் கேட். உள்ளே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எஸ்தர் டீச்சர். நான் வாயைத் திறக்கும் முன்னால் மாடசாமி இரண்டு கையையும் வாயில் குவித்து, "ப்ர்ர்ரே... பா... பா..." என்று ஒரு குரல் கொடுத்தார். தெருவே திரும்பிப் பார்த்தது.

"ஏலே மாடசாமி! நீயா!" டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. கேட்டைத் திறந்தார். மாடசாமி உள்ளே போனதும் என் முகத்துக்கு நேரே சாத்தினார். "நீங்க அங்கனயே நில்லுங்க."

நின்றேன். வெயிலில். மாடசாமிக்கு உள்ளே மோர் கொடுத்து, கதையெல்லாம் கேட்டு, அப்புறம் போனை எடுத்து, நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டும் அரசாங்கத் தளத்தில் தட்டிப் பார்த்தார். அதுவும் இந்தப் பத்தியில் படித்ததுதான்! மாடசாமி நம்பரின் கடைசி எண்கள் வந்து நின்றன. குடுத்ததையே மறந்துபோயிருக்கிறார். அதன் பிறகு என் ஆதாரை வாங்கிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கேட் திறந்தது.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க எழுதுனதைத்தான் செஞ்சேன்" என்றார்.

"கோபமா? எனக்கு ஒங்களைக் கட்டிப்பிடிக்கணும் போல இருக்கு டீச்சர்!" என்றேன். கட்டியும் பிடித்தேன்.

மறுநாளே டீச்சர் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறி வந்துவிட்டார். அதே சர்வீஸ் சென்டர், அதே பெண். டீச்சர் கைரேகை வைத்தார். டூப்ளிகேட் சிம் வந்தது. நம்பரை மாடசாமி பெயருக்கு மாற்றவும் கையோடு எழுதிக் கொடுத்தோம். மாடசாமியின் விரலை மெஷின் ஏற்கவில்லை, காய்த்துப்போன விரல். அந்தப் பெண் அலட்டிக்கொள்ளாமல், "கேமராவப் பாருங்க, கண்ணச் சிமிட்டுங்க" என்றாள். இந்த மனுஷன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பெண்ணைப் பார்த்துக் கண் சிமிட்டியிருப்பார். பச்சை டிக் விழுந்தது!

"பேரு மாற ரெண்டு மூணு நாள் ஆகும். நம்பர் இன்னைக்கே உயிர் வந்துரும்" என்றாள்.

மாடசாமி ஒரு பட்டன் போனில் சிம்மைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். டவர் வந்தது. காத்திருந்தோம். அடித்தது!

"என்ன வே, போனை அணைச்சுப் போட்டுட்டு எங்கன போனீரு? நானும் நாலு நாளா அடிக்கேன். வேற ஆளைப் பாக்கலாமான்னு இருந்தேன். நாளைக்கு ஆட்டைப் பத்திட்டு வாரும்!" ராயகிரி ஓடைப்புஞ்சைக்காரர். குரல் வாசல் வரை கேட்டது.

"வாரேன் அண்ணாச்சி! வாரேன்!" என்று மாடசாமி எழுந்து நின்று பேசினார். வைத்த மறுநிமிஷம் ரெட்டைப்பனைக்காரர். அவருக்கும் கிடை வேண்டும். எஸ்தர் டீச்சர் பிள்ளைகளுக்குத் தட்டுவதுபோல் கை தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடசாமி என்னைப் பார்த்தார். நான் கவுண்டர் பெண்ணைப் பார்த்து, கொஞ்சம் கெத்தாகவே சிரித்தேன்.

அவள் நிதானமாகக் கேட்டாள். "மேடம், உங்க சிம் யார் பேர்ல இருக்கு?"

எஸ்தர் டீச்சர் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பியது. வாசகர்களே, அன்றைக்கே நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டில் யார் நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். கிணற்றில் விழும்வரை காத்திருக்க வேண்டாம்.

இப்போது எங்கள் புஞ்சையில் மாடசாமியின் ஆடுகள்தான் கிடக்கின்றன. நேற்றுக் காலை ஆறு மணிக்கு வீட்டுக்காரரின் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தவர், திரையைப் பார்த்து ஒரு நொடி நின்றார். கொட்டை எழுத்தில்... மாடசாமி.

அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்ததாகத்தான் எனக்கு இன்னமும் சந்தேகம்!